பெட்டி மாற்றிய பிறகு

2015 டிசம்பர் வெள்ளம் வடிந்து ஆறேழு வாரம் ஆகியிருந்தது. சென்னையில் எந்தப் பட்டறைக்குப் போனாலும் சீட்டுகளைக் கழற்றி வெயிலில் காயப்போட்ட கார்கள் வரிசையாக நின்றன. காய்ந்த சேற்றின் வாடை தெருமுனை வரை வந்தது. என் நண்பரின் கார் அந்த வரிசையில் ஒன்று. தரைவிரிப்புக்கு மேல் ஒரு சாண் தண்ணீர் இரண்டு நாள் நின்ற வண்டி. என்ஜினுக்கு ஒன்று, கியருக்கு ஒன்று என்று உள்ளே இருந்த இரண்டு கட்டுப்பாட்டுப் பெட்டிகளின் பின்களும் பச்சை பூத்துப் போயிருந்தன. இரண்டையும் புதிதாக வாங்கிப் பொருத்தியிருந்தார் மெக்கானிக். அதே பார்ட் நம்பர், அதே சாக்கெட். நிரலையும் ஏற்றியாயிற்று. சாவியைத் திருப்பினார். என்ஜின் உடனே பிடித்தது. இரண்டு எண்ணுவதற்குள் அணைந்தது. மறுபடி திருப்பினார். பிடித்தது, அணைந்தது. மீட்டர் பலகையில் சாவிப் படம் போட்ட சிறு விளக்கு விட்டுவிட்டு மினுக்கியது.

“புதுப் பெட்டியும் போச்சாண்ணே?” என்றேன்.

“பெட்டி நல்லாத்தான் சார் இருக்கு. இந்தச் சாவி யாருதுன்னு அதுக்குத் தெரியல. நாமதான் சொல்லித் தரணும்.”

சாவி மட்டுமில்லை, அந்தப் பெட்டிக்குச் சொல்லித்தர வேண்டியது நிறைய இருந்தது. அன்று காலையிலிருந்து மறுநாள் மாலை வரை அவர் பக்கத்தில் நின்று நான் பார்த்ததைத்தான் இந்த அத்தியாயத்தில் விரித்துச் சொல்லப் போகிறேன்.

அம்பாசடர் காலத்தில் இந்த வேலையே கிடையாது. கார்புரேட்டரை மாற்றினால் ஒரு திருப்புளியும் நல்ல காதும் போதும். ஐடில் திருகை அரைச் சுற்று உள்ளே, கால் சுற்று வெளியே என்று திருப்பி, என்ஜின் சீராக முணுமுணுக்கும் இடத்தில் மெக்கானிக் கையை எடுத்துவிடுவார். அந்த என்ஜினைப் பற்றிய அறிவு அவர் காதில் இருந்தது. 1979இல் பி.எம்.டபிள்யூ.வின் 7 வரிசைக் கார் ஒன்றில் பாஷ் நிறுவனத்தின் மோட்ரானிக் வந்தபோது, பெட்ரோலை அளந்து விடுவதும் பிளக்கில் பொறி தட்டுவதும் ஒரே கணிப்பொறியின் வேலையாயின. 1990களின் இறுதியில் நம் ஊர்க் கார்கள் முதுகில் கணிப்பொறி பெட்ரோல் தெளிக்கும் முறையைக் குறிக்கும் எம்.பி.எஃப்.ஐ. என்ற எழுத்துகளைப் பெருமையாக ஒட்டிக்கொண்டு வந்தன. காதில் இருந்த அறிவு அப்போது பெட்டிக்குள் இடம் மாறிவிட்டது. பெட்டியைக் கழற்றினால் அதுவும் கூடவே கழன்று போகிறது.

பழைய பெட்டியை அவர் திறந்து காட்டினார். உள்ளங்கை அகல அலுமினிய உறைக்குள் ஒரு பச்சைப் பலகை. நடுவில் செயலி, அதற்குள்ளேயே நிரல் எழுதிய ஃபிளாஷ் நினைவகம். ஓரங்களில் இன்ஜெக்டர்களையும் இக்னிஷன் காயில்களையும் இயக்கும் டிரான்சிஸ்டர்கள். மூலையில், எட்டுக்கால் பூச்சி ஒட்டிக்கொண்டிருப்பது போல, எட்டே பின்கள் உள்ள ஒரு சின்னஞ்சிறு சில்லு. பேட்டரியைக் கழற்றினாலும் அழியாத குறிப்புகள் அதில்தான் இருக்கும். அந்தப் பூச்சியிடம் பிறகு வருவோம்.

முதலில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பட்டறையில் செத்துவிட்டதாகச் சொல்லப்படும் பெட்டிகள் பலவும் செத்தவை அல்ல. அதற்கு வரும் மின்சாரமோ, எர்த்தோ, பேச்சுக் கம்பியோ கெட்டிருக்கும். இந்த மெக்கானிக்கும் புதுப் பெட்டிக்குக் காசு கொடுப்பதற்கு முன் அரை நாள் செலவழித்து அதையெல்லாம் சோதித்திருந்தார். ஸ்டார்ட்டர் சுழலும்போது பெட்டியின் எர்த் கம்பிக்கும் பேட்டரியின் நெகட்டிவுக்கும் நடுவே மல்டிமீட்டர் வைத்தால் 0.1 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால் எங்கோ துரு. அடுத்த சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. காருக்குள் இருக்கும் கணிப்பொறிகள் ஒன்றோடொன்று பேசுவது முறுக்கிய இரண்டே கம்பிகளில். கேன் என்று பெயர். பாஷ் பொறியாளர்கள் 1983இல் தொடங்கி 1986இல் டெட்ராய்ட்டில் வெளியிட்ட முறை. கிணற்றுக்குள் குரல் கொடுத்தால் அடியில் பட்டுத் திரும்பி வருகிறதே, அதேபோலக் கம்பியின் முனையில் பட்டுச் சமிக்ஞையும் திரும்பும். அப்படித் திரும்பினால் அடுத்த சொல் குழம்பிவிடும். அதை விழுங்குவதற்காக இரு முனைகளிலும் 120 ஓம் மின்தடை ஒவ்வொன்று. பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் ஸ்கேனர் சாக்கெட்டில் 6ஆவது, 14ஆவது பின்களுக்கு நடுவே அளந்தால் இரண்டும் இணையாகச் சேர்ந்து 60 ஓம் காட்டும். பல கார்களில் அந்த மின்தடைகளில் ஒன்று என்ஜின் பெட்டிக்குள்ளேயே இருக்கும். பெட்டியைக் கழற்றினால் எண் 120க்குத் தாவும். மாட்டினால் 60க்கு இறங்கும். ஸ்கேனரே இல்லாமல், சாதாரண மீட்டரை வைத்துக்கொண்டு, பேச்சுக் கம்பி அறுந்திருக்கிறதா என்று அரை நிமிடத்தில் தெரிந்துகொள்ளலாம்.

புதுப் பெட்டி தொழிற்சாலையிலிருந்து வரும்போது பெரும்பாலும் எந்தக் காருக்கும் சொந்தமில்லை. ஒரே பலகையைப் பல மாடல்களுக்கும் பயன்படுத்துவார்கள். எந்த மாடல், எந்த என்ஜின், எந்த நாட்டின் புகை விதி என்பதெல்லாம் பிறகு ஏற்றப்படும் நிரலில்தான் இருக்கிறது. அந்த நிரலை ஏற்றும் வேலை பார்ப்பதற்கு ஒன்றுமில்லாதது. லேப்டாப்பில் ஒரு பச்சைக் கோடு நகரும், அவ்வளவுதான். ஆனால் அவர் அதற்கு முன் செய்த ஏற்பாட்டைப் பார்த்தேன். முகப்பு விளக்கு, ஏசி, மியூசிக் எல்லாவற்றையும் அணைத்தார். கதவைச் சாத்தினார். பேட்டரியில் நிலையாக 13.5 வோல்ட் கொடுக்கும் பவர் சப்ளையை மாட்டினார். சாதாரண சார்ஜர் ஆகாது என்றார். அதன் மின்சாரம் அலை அலையாக வரும். ஃபிளாஷ் நினைவகத்தில் புதிதாக எழுதுவதற்கு முன் பழையதை முழுப் பகுதியாக அழித்தாக வேண்டும். அழித்து முடித்து, பாதி எழுதியிருக்கும்போது பேட்டரி சரிந்தால், பெட்டியிடம் பழைய நிரலும் இல்லை, புதியதும் இல்லை. இதற்காகவே நினைவகத்தின் ஒரு மூலையில் அழிக்கவே முடியாத சிறு நிரல் ஒன்றை வைத்திருப்பார்கள். என்ஜினை ஓட்ட அதற்குத் தெரியாது. ‘மறுபடி எழுதுங்கள், காத்திருக்கிறேன்’ என்று கேட்க மட்டும் தெரியும். அதுவும் இல்லாத பழைய வகைப் பெட்டிகளை உறையைப் பிளந்து, பலகையில் ஊசி வைத்துத்தான் மீட்க முடியும்.

நிரல் ஏறியது. இப்போது அந்தப் பெட்டி இந்த மாடல் என்ஜினை ஓட்டத் தெரிந்த பெட்டி. ஆனால் இந்தக் காரை அதற்குத் தெரியாது.

ஒவ்வொரு காருக்கும் 17 எழுத்துகளால் ஆன அடையாள எண் உண்டு. ஐ, ஓ, க்யூ என்ற மூன்று ஆங்கில எழுத்துகள் அதில் வராது. 1, 0 என்று படித்துவிடக் கூடாது என்பதற்காக விலக்கிவிட்டார்கள். அந்த எண்ணைச் சொல் என்று ஸ்கேனர் கேட்கும் காட்சியைக் கம்பி மட்டத்தில் பார்த்தால் அழகாக இருக்கும். கேன் கம்பியில் ஒரு தடவைக்கு 8 பைட் மட்டுமே போகும். 17 எழுத்தை ஒரே மூச்சில் சொல்ல முடியாது. ஸ்கேனர் 09 02 என்று கேட்கிறது. பெட்டியின் பதில் மொத்தம் 20 பைட்: என்ன கேள்விக்கு என்ன பதில் என்று சொல்லும் 3 பைட், பிறகு 17 எழுத்து. முதல் பொட்டலத்தில் நீளத்தைச் சொல்லவே 2 பைட் போய்விடுகிறது. மீதி ஆறில் அந்த மூன்றும், எண்ணின் முதல் மூன்று எழுத்தும். பெட்டி அங்கே நிறுத்திக் காத்திருக்கிறது. ‘சரி, அனுப்பு’ என்று ஸ்கேனர் சொன்னபின், வரிசை எண்ணுக்கு ஒரு பைட் போக, ஏழு எழுத்து. இன்னொரு ஏழு எழுத்து. மூன்றும் ஏழும் ஏழும் பதினேழு. கண் இமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும் உரையாடல் இது.

நண்பரின் காரில் அன்று அந்தப் பதினேழு இடங்களிலும் வெறுமைதான் வந்தது. ஆர்.சி. புத்தகத்தைப் பார்த்து, ஒவ்வொரு எழுத்தாக உரக்கப் படித்துத் தட்டச்சு செய்தார். பல பெட்டிகளில் இதை ஒரு முறைதான் எழுத முடியும். தவறாக அழுத்தினால் திருத்த வழியில்லை. என்னையும் ஒரு தடவை படிக்கச் சொல்லிச் சரிபார்த்த பிறகுதான் அனுப்பினார்.

அடுத்து அந்தச் சாவி விளக்கு. சாவியின் பிளாஸ்டிக் தலைக்குள் ஒரு சில்லு புதைந்திருக்கிறது. அதற்குப் பேட்டரி கிடையாது. இக்னிஷன் பூட்டைச் சுற்றியுள்ள செம்புச் சுருள், பெரும்பாலும் 125 கிலோஹெர்ட்ஸில், எழுப்பும் காந்தப்புலத்திலிருந்தே அது தனக்கு வேண்டிய மின்சாரத்தை எடுத்துக்கொள்கிறது. கார் ஒரு எண்ணைச் சொல்லும். தனக்குள் இருக்கும் ரகசியத்தை வைத்துச் சாவி அதைக் கணக்கிட்டு விடை அனுப்பும். அதே ரகசியம் தெரிந்த கார் தானும் கணக்கிட்டுப் பார்க்கும். இரண்டும் ஒத்துப்போனால் இன்ஜெக்டர் திறக்கும். இல்லாவிட்டால், அன்று நாங்கள் பார்த்தது போல, இரண்டு நொடியில் பெட்ரோலை நிறுத்திவிடும். ரகசியம் ஒருபோதும் வெளியே சொல்லப்படுவதில்லை, விடை மட்டுமே போகிறது என்பதுதான் இதன் நுட்பம். 1998இல் ஜெர்மனியிலும் பிரிட்டனிலும் புதுக் கார்களுக்கு இது கட்டாயமானது. மீற முடியாத பூட்டு என்று சொல்லிவிட முடியாது. அன்று புழக்கத்தில் இருந்த ஒரு வகைச் சாவிச் சில்லின் ரகசியம் 40 பிட் நீளம்; சாத்தியங்கள் சுமார் 1.1 லட்சம் கோடி. 2005இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் ஆர்.எஸ்.ஏ. ஆய்வுக்கூடத்தாரும் சேர்ந்து, அதற்கென்றே அமைத்த சில்லுகளைப் பூட்டி, அதை ஒரு மணி நேரத்துக்குள் கண்டுபிடித்துக் காட்டினார்கள். பிறகு வந்த சில்லுகள் நீளமான ரகசியத்துக்கு மாறின.

புதுப் பெட்டிக்கு அந்த ரகசியத்தைப் பழக்க, காருக்கே உரிய ஒரு கடவு எண் வேண்டும். வண்டி வாங்கியபோது சாவிக்கொத்தில் ஒரு சிறு தகட்டில் அதை எழுதிக் கொடுத்திருந்தார்கள். நண்பர் வீட்டில் பீரோவின் மேல்தட்டில் கிடந்ததால் வெள்ளத்துக்குத் தப்பியது. தவறான எண்ணைச் சில தடவை கொடுத்தால் பெட்டி கோபித்துக்கொண்டு காத்திருக்க வைக்கும். காத்திருக்கும் நேரம் ஒவ்வொரு தவறுக்கும் கூடும் வகைகளும் உண்டு. தகடு கிடைத்ததால் ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்தது. என்ஜின் பிடித்தது, அணையவில்லை.

தகடு தொலைந்துபோனால்? அல்லது புதிய பெட்டிக்கு வசதியில்லாமல் புதுப்பேட்டை உதிரிபாகச் சந்தையில் பழையதை வாங்கினால்? பழைய பெட்டி தன் முதல் காரின் ரகசியத்தைச் சுமந்துகொண்டு வரும். உங்கள் சாவியை அந்நியன் என்றே நினைக்கும். அங்கேதான் அந்த எட்டுக்கால் பூச்சி. பாஷின் எம்.ஈ.7 என்ற பெட்டியை 2000 வாக்கில் வந்த வோக்ஸ்வாகன், ஆடி பெட்ரோல் கார்கள் பலவற்றில் பார்க்கலாம். அதில் இந்தச் சில்லின் கொள்ளளவு வெறும் 512 பைட். யூனிகோடில் எழுதினால் இரண்டு மூன்று வரித் தமிழுக்குமேல் அடங்காது. அடையாள எண், சாவி ரகசியம், கற்றுக்கொண்ட சில திருத்தங்கள் எல்லாம் அந்த இடத்துக்குள். கெட்ட பெட்டியின் பூச்சியிலிருந்து அதைப் படித்து, நல்ல பெட்டியின் பூச்சியில் எழுதினால், கார் தன் பெட்டி மாறியதையே அறியாது. படகு மூழ்கினாலும் ஓலைச்சுவடியைக் காப்பாற்றியது போல, நீரில் ஊறிய பெட்டிகளிலிருந்து இந்தச் சில்லை மட்டும் உயிரோடு எடுத்தவர்கள் அந்த வருடம் பலர்.

திருடனுக்கும் இதே வித்தைதான் வேண்டும் என்பது உண்மை. அதனால் கதவை இறுக்கிச் சாத்துவதில் கார் கம்பெனிகளுக்கு நியாயம் இருக்கிறது. ஆனால் உரிமையாளரையும் அவர் நம்பும் தெருமுனை மெக்கானிக்கையும் அதே கதவுக்கு வெளியே நிறுத்துவதை என்னால் ஏற்க முடியவில்லை. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்குச் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரி பாகங்களோடு, பழுதறியும் கருவிகளையும் தொழில்நுட்பக் கையேடுகளையும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்காமல் வைத்திருந்தார்கள் என்பதும் அந்த வழக்கின் பொருள். மேல்முறையீடுகள் பின்தொடர்ந்தன. ஸ்கேனரும் கடவுச்சொல்லும் இல்லாவிட்டால் இன்று ஒரு மெக்கானிக்கின் கை கட்டப்பட்டதுதான் என்பதை அந்த உத்தரவு பொதுவெளியில் ஒப்புக்கொண்டது.

என்ஜின் ஓடத் தொடங்கினாலும் ஐடில் 1,100, 700 என்று ஊஞ்சலாடியது. காற்றுப் பாதையில் இருக்கும் திராட்டில் தட்டு முழுதாக மூடும் இடம் எது என்று பெட்டிக்கு இன்னும் தெரியாது. சாவியை ஆன் செய்து, ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் விட்டால், மோட்டார் தட்டை அதன் கடைசித் தடுப்பு வரை தள்ளி, அங்கே சென்சார் காட்டும் வோல்ட்டைக் குறித்துக்கொள்ளும். பானெட்டைத் திறந்து காதை வைத்தால் மெல்லிய ‘ஞ்ஞீ’ என்ற ஒலி கேட்கும். நிசான் கார்கள் பலவற்றில், இதையடுத்துச் செய்யும் ஐடில் காற்றளவுக் கற்றலுக்கு ஸ்கேனர் இல்லாமலே ஒரு முறை இருக்கிறது, தாளம் போடுவது போல: சாவியை ஆன் செய்து 3 நொடி, பெடலை 5 நொடிக்குள் 5 தடவை முழுக்க மிதித்து விடுதல், 7 நொடி சும்மா இருத்தல், பிறகு சுமார் 20 நொடி அமுக்கிப் பிடித்தல், என்ஜின் விளக்கு மினுக்கி நிலைக்கும் வரை. ஒரு நொடி பிசகினால் முதலிலிருந்து.

இன்னொன்று கிராங்க் சக்கரம். பல என்ஜின்களில் கிராங்க் தண்டின் முனையில் 60 பற்களுக்கு இடமுள்ள சக்கரம் இருக்கும். இரண்டு பற்களை வேண்டுமென்றே விட்டுவிட்டு 58 வெட்டியிருப்பார்கள். அந்த இடைவெளிதான் பெட்டிக்கு ‘இங்கே ஒரு சுற்று முடிந்தது’ என்ற அடையாளம். ஒரு சிலிண்டரில் பொறி பிடிக்காமல் போனால் கிராங்க் துளி தயங்கும். அடுத்த பற்கள் துளி தாமதமாக வரும். அந்தத் துளி எவ்வளவு? 3,000 சுற்று வேகத்தில் ஒரு சுற்றுக்கு 20 மில்லிநொடி. ஒரு பல்லுக்கு அதில் அறுபதில் ஒரு பங்கு. ஒரு பல்லை 0.1 பாகை தள்ளி வெட்டியிருந்தாலே சுமார் 5.6 மைக்ரோநொடி வித்தியாசம் வந்துவிடும். அப்படியானால் தயங்கியது என்ஜினா, தவறு பல்லிலா? இதைப் பிரித்தறிய ஓர் அருமையான வழி வைத்திருக்கிறார்கள். வண்டி வேகமாகப் போகும்போது காலை எடுத்தால் பெட்டி பெட்ரோலை முழுதாக நிறுத்திவிடும். அப்போது எந்தச் சிலிண்டரிலும் வெடிப்பு இல்லை. அந்த நேரத்தில் தெரியும் ஒழுங்கின்மை எல்லாம் சக்கரத்துடையது. அதைக் குறித்து வைத்துக்கொண்டு பிறகு கழித்துவிடுகிறது. இந்தப் பாடம் படிக்காத புதுப் பெட்டி, நன்றாக ஓடும் என்ஜினிலும் குறை இருப்பதாக விளக்கை எரியவிடும். அல்லது பாடம் முடியும் வரை அந்தச் சோதனையையே நிறுத்தி வைத்திருக்கும்.

டீசல் வண்டிகளில் இதற்கு இணையானது இன்ஜெக்டர் தலையில் பொறித்திருக்கும் எழுத்தெண். 1,600 பார் அழுத்தத்தில் ஒரு கன மில்லிமீட்டர் டீசலைத் தெளிக்கும் துளைகளை ஒரே மாதிரி இரண்டு செய்ய எந்தத் தொழிற்சாலையாலும் முடியாது. அதனால் ஒவ்வொன்றையும் சோதித்து அதன் குணத்தை எழுத்தெண்ணாகப் பொறித்துவிடுகிறார்கள். பெட்டி மாற்றும்போது நான்கையும் துடைத்துப் படித்து, எந்தச் சிலிண்டரில் எது என்று ஏற்ற வேண்டும்.

கியர் பெட்டிக்கு வந்தபோது மறுநாள் மாலை ஆகிவிட்டது. நண்பரின் கார் ஏ.எம்.டி. வகை. 2014இல் மாருதி செலேரியோவில் மாக்னெட்டி மாரெல்லி நிறுவனத்தின் ஏற்பாட்டோடு வந்தபின் நம் ஊரில் பரவியது இது. உள்ளே இருப்பது சாதாரண மேனுவல் கியர்தான். கிளட்ச்சை மிதிப்பதும் கியரைத் தள்ளுவதும் மனிதக் காலும் கையும் செய்வதற்குப் பதில் ஒரு இயக்கி செய்கிறது. கார் ஓட்டக் கற்றவர்கள் எல்லாருக்கும் முதல் வாரம் நினைவிருக்கும்: கிளட்ச்சை மெல்ல விடும்போது வண்டி ‘பிடிக்கும்’ அந்த ஓரிடம். இடது காலுக்கு அதைக் கற்றுக்கொள்ள ஒரு வாரம் ஆனது. வேறொருவர் வண்டியை எடுத்தால் முதல் சிக்னலில் குலுங்கும்; அந்த இடம் அங்கே வேறு. புதுப் பெட்டியின் நிலையும் அதுவேதான்.

என்ஜின் சூடேறட்டும் என்று காத்திருந்தோம். பிரேக்கை மிதித்து, நியூட்ரலில் வைத்து, ஸ்கேனரில் கற்றல் கட்டளையை அழுத்தினார். என்ஜின் சீராக ஓடிக்கொண்டிருக்க, அடியில் பம்ப் ‘ர்ர்’ என்று எண்ணெயை ஏற்றியது. முழுதாகப் பிரித்த கிளட்ச்சை இயக்கி மிக மெல்ல, மயிரிழை மயிரிழையாக, மூடத் தொடங்கியது. கியரின் உள்தண்டு அசையாமல் இருந்தது. பெட்டி அதன் வேகத்தையே கவனித்துக்கொண்டிருந்தது. திரையில் பூஜ்யமாக இருந்த எண் சட்டென்று நகர்ந்தது. உராய்வுத் தட்டு என்ஜினைத் தொட்ட கணம் அது. அந்த இடத்தைக் குறித்துக்கொண்டு கிளட்ச் பின்வாங்கியது. சரிபார்க்க இன்னும் இரண்டு தடவை போய் வந்தது. பிறகு டக், டக் என்று ஒவ்வொரு கியரின் வாசலுக்கும் கடைசிச் சுவருக்கும் போய் முட்டிப் பார்த்து அளந்துகொண்டது. இருட்டில் கை நீட்டிச் சுவரைத் தடவி அறையைத் தெரிந்துகொள்வது போல இருந்தது.

முழு ஆட்டோமேட்டிக் கியரில் இதே கற்றல் எண்ணெய் வழியாக நடக்கிறது. ஒவ்வொரு கிளட்ச் அடுக்கும் பிடிப்பதற்கு முன் அதன் பின்னாலுள்ள இடத்தை எண்ணெயால் நிரப்ப வேண்டும். நிரம்பாமல் பழைய கியரை விட்டால் என்ஜின் வீறிடும். மிகையாக நிரப்பினால் இரண்டு கியரும் ஒரே நேரத்தில் பிடித்து முதுகில் குத்தும். உள்ளே வரும் வேகம், வெளியே போகும் வேகம் இரண்டையும் ஒப்பிட்டு, ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் நிரப்பும் நேரத்தைச் சிறிது கூட்டியோ குறைத்தோ வைத்துக்கொள்ளும். தட்டு தேயத் தேய எண்களும் நகரும். கியரை ஓவர்ஹால் செய்துவிட்டுப் பழைய எண்களை அழிக்காமல் விட்டால், தேய்ந்த தட்டுக்குக் கற்ற நேரத்தை வைத்துப் புதுத் தட்டை இடிக்கும். ‘வேலை செஞ்சதுக்கு அப்புறம்தான் குத்துது’ என்று வண்டி திரும்பி வருவதற்கு இது ஒரு காரணம். டொயோட்டாவின் சில ஆட்டோமேட்டிக்குகளில் கியர்பாக்ஸின் மேலேயே, அதன் வால்வுகளின் குணத்தைச் சொல்லும் நீண்ட எழுத்தெண் ஒட்டியிருக்கும். கிரீஸ் படிந்த அந்தச் சீட்டைத் துடைத்துப் படம் பிடித்து வைக்காமல் கியரை ஏற்றினால், மறுபடி இறக்க வேண்டியதுதான்.

“இருநூறு கிலோமீட்டர் ஓட்டிட்டு வாங்க சார். சிட்டியிலயும் ஓட்டுங்க, பைபாஸ்லயும் ஓட்டுங்க. நடுவுல பேட்டரியக் கழட்டிடாதீங்க” என்று நண்பரிடம் சாவியைக் கொடுத்தார். முதல் நாள் இரண்டாவது கியரில் லேசான குலுக்கல் இருந்தது. நான்காம் நாள் நான் உடன் போனபோது, அதைத் தேடினாலும் கிடைக்கவில்லை.

மறுவாரம் ஸ்கேனரை மாட்டினார். பெட்ரோல் என்ஜினுக்கு 1 பங்கு பெட்ரோலுக்கு எடையில் 14.7 பங்கு காற்று என்ற கணக்கைக் காக்க, புகைக்குழாயில் இருக்கும் ஆக்சிஜன் சென்சாரைப் பார்த்துப் பார்த்துப் பெட்டி பெட்ரோலைத் திருத்திக்கொண்டே இருக்கும். நிலைத்துவிட்ட திருத்தத்தைத் தனியாகச் சேமிக்கும். பெட்டி பொருத்திய அன்று அந்த இடத்தில் பூஜ்யம் இருந்தது. இப்போது 4 சதவீதம் கூடுதல் என்று காட்டியது.

மெக்கானிக் மேசை இழுப்பறையிலிருந்து எண்ணெய்க் கறை படிந்த ஒரு நீள நோட்டை எடுத்தார். கையில் வரும் ஒவ்வொரு வண்டியின் எண்களையும் அதில் எழுதி வைப்பது அவர் வழக்கம். விரலை எச்சில் தொட்டு, வெள்ளத்துக்கு முந்தைய பக்கங்களைப் புரட்டினார். மைலேஜ் குறைகிறது என்று அக்டோபரில் இதே கார் வந்திருக்கிறது. பழைய பெட்டி அன்று காட்டியதை நீல மையில் குறித்திருந்தார்: 5.